இரண்டாவது சங்கிலி

உட்காரம்மா. அந்தப் பையை என் காலடியில் தள்ளு, எனக்கு இடைஞ்சல் இல்லை. ஜன்னலோரம் மட்டும் கேட்காதே, தரமாட்டேன். ஏரிக்கரை தாண்டியதும் மலை தெரியும். முதலில் மேகம் போலத்தான் இருக்கும். மேகமென்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகராது. அப்போது தெரிந்துகொள்ளலாம், அது சங்கிலிமலை. அது நகராததைப் பார்த்துப் பார்த்தே என் ஆயுளில் பாதி போய்விட்டது.

நீயும் அங்கேதானா? முதல் தடவையா? உன் ஷூவைப் பார்த்தேன், அதனால் கேட்டேன். அதை அடிவாரத்திலேயே கழற்றச் சொல்லிவிடுவார்கள். வெறுங்காலோடுதான் ஏறவேண்டும்.

பயப்படாதே. பாதி மலைவரை காடு. அதற்கு மேல் கருங்கல் படி. அதற்கப்புறம்தான் பாறை. யானையின் நெற்றிபோலச் சரிந்து நிற்கும் மொட்டைப் பாறை. அதில் ஒரு சங்கிலி பதித்து, கால் வைக்க இரும்பு முளைகள் அடித்திருக்கிறார்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முளை முளையாக ஏறவேண்டும். பாறையின் நடுவில் அந்தச் சங்கிலி முடிந்துபோகும். அடுத்த சங்கிலி கைக்கெட்டும் தூரத்தில், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளித் தொடங்கும். ஏன் ஒரே சங்கிலியாகப் போடவில்லை என்று என்னைக் கேட்காதே. போட்டவன் செத்து எத்தனையோ தலைமுறை ஆகிறது. ஒன்றை விட்டால்தான் மற்றதைப் பிடிக்கலாம். நடுவில் ஒரு மூச்சு நேரம் உன் கை காற்றில் இருக்கும். அவ்வளவுதான் அந்த மலை. மற்றதெல்லாம் வெறும் நடை.

அந்த ஒரு மூச்சைக் கடக்க எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று.

சிரிக்காதே. சத்தமாகவும் கேட்காதே. முன்னால் தெரிந்த ஆள் உட்கார்ந்திருக்கிறது.

என் பெயர் வேதவல்லி. பி.ஏ. படித்தவள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் வாழ்க்கைப்பட்டது எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த வீட்டில். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே முகூர்த்தம், ஒரே பந்தல். பெரியவருக்கு நான், சின்னவருக்கு அஞ்சுகம். எட்டாவதோடு நின்றுபோனவள். எதைச் சொன்னாலும் "ஆமாக்கா" என்பாள். சாம்பாரில் உப்பு கூட என்றாலும் ஆமாக்கா, குறைச்சல் என்றாலும் ஆமாக்கா. அப்படிப்பட்டவர்களை நம்பாதேயம்மா. எதிர்த்துப் பேசுகிறவளிடம் சண்டை போட்டு முடித்துவிடலாம். ஆமாக்காவிடம் என்ன செய்வாய்?

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கார்த்திகைத் தீபத்தன்று முதல் அகலை ஏற்றுகிறவள் சங்கிலிமலை உச்சிக்குப் போய் அய்யனைக் கண்ணால் பார்த்தவளாக இருக்கவேண்டும். மூத்தவளா இளையவளா என்று கிடையாது. தாலி இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. என் மாமியார் நெற்றியில் வெறும் விபூதியோடுதான் முதல் அகலை ஏற்றிக்கொண்டிருந்தார். ஊரில் வேறெந்த வீட்டிலும் நடக்காத காரியம். யாராவது வாயெடுத்தால், "தாலியக் கட்டுனவன் போயிட்டான். நான் ஏறுன மலை அங்கயேதான இருக்கு?" என்பார்.

எங்கள் கல்யாணம் ஆவணியில். புரட்டாசியில் எங்கள் இரண்டு பேரையும் புருஷன்மாரோடு மலைக்கு அனுப்பினார். தனக்கு மூட்டு போய்விட்டது, இனி விளக்கு மருமகளுக்கு. இரண்டு பேரும் ஏறி வந்தால் மூத்தவளுக்கு. ஒருத்திதான் ஏறினாள் என்றால் அவளுக்கு. பேச்சு அவ்வளவுதான்.

பாறையில் முதலில் என் கணவர், அடுத்து நான், எனக்குக் கீழே அஞ்சுகம், அவளுக்குக் கீழே அவள் புருஷன். சங்கிலி முடிகிற இடம்வரை வந்துவிட்டேன். "கையை நீட்டு, வேதா" என்று மேலிருந்து சொன்னார். நீட்டத்தான் பார்த்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. சங்கிலியோடு சேர்த்து வார்த்ததுபோல இருந்தது. அப்புறம் கால் ஆடத் தொடங்கியது. புது மெட்டி. அது இரும்பு முளையில் பட்டு டிக் டிக் டிக்கென்று சத்தம். எனக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டே இருந்தது.

பின்னால் ஒரே கூட்டம். யாரோ ஒருவன் கீழேயிருந்து, "யம்மா, ஏறுனா ஏறு, இல்லாட்டி எறங்கு! நீ நிக்கிறது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பாறையில் சிரித்தால் சத்தம் உருண்டு உருண்டு வரும்.

அப்போதுதான் அவள் சொன்னாள். அஞ்சுகம். எட்டாவது படித்தவள். எனக்குக் கீழே நின்றுகொண்டு, அத்தனை பேர் காதிலும் விழுகிறமாதிரி.

"கொஞ்சம் ஒதுங்குங்கக்கா."

ஒதுங்கு. என்னை. மூத்த மருமகளை. குறுக்கே நிற்கிற மாட்டிடம் சொல்வதைப்போல. சொன்னதோடு நிற்கவில்லை, என் கணுக்காலைப் பிடித்து முளையிலிருந்து இழுத்தாள். அப்படியே கீழே கொண்டுவந்து விட்டுவிட்டு அவள் மேலே போய்விட்டாள்.

என் கணவர் சாகும்வரை வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அதோடு நிறுத்தவில்லையாம், "காலை என் தோள்ல வைங்க, நான் எறக்கி விடுறேன்" என்றும் சொன்னாளாம். என் பாதத்தைத் தோளில் தாங்கித் தாங்கி முளை முளையாக இறக்கி, தரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் அவள் ஏறப் போனாளாம். இருக்கலாம். என் காதில் விழவில்லை. விழாத சொல் சொல்லாத சொல்தானே? விழுந்தது ஒன்றுதான். ஒதுங்குங்கக்கா.

சாயங்காலம் நெற்றி நிறைய விபூதியும் முழங்கையில் சிராய்ப்புமாக இறங்கி வந்தாள். வீட்டுக்குப் போனதும் மாமியார் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டார், "என்னடி பாத்த, சொல்லு."

"கோயிலுன்னு ஒண்ணும் இல்லத்த. சொவரும் இல்ல, கூரையும் இல்ல. அய்யன் பாட்டுக்கு வானத்துக்குக் கீழ உக்காந்திருக்காரு. பக்கத்துல கோணலா ஒரு இச்சி மரம், பாறையப் பொளந்துக்கிட்டு நிக்குது. அதோட கிளையிலதான் மணி. காத்தடிச்சா அதுவே அடிச்சுக்குது. நான் அடிக்கவே இல்ல, கேட்டுக்கிட்டு நின்னுட்டு வந்துட்டேன்."

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அதேதான்டி, அதே மரந்தான்" என்று அவள் கன்னத்தைத் தடவினார். அந்த வருடக் கார்த்திகைக்கு அவள் முதல் அகலை ஏற்றினாள். தட்டைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அதற்கடுத்த வருடமும். அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை, "சித்தி, மரத்துக் கதை சொல்லு" என்று கேட்கும். அவளும் சொல்வாள். சுவரும் இல்லை, கூரையும் இல்லை, கோணலாக ஒரு மரம். எனக்கு அது மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. பிள்ளை பெற்ற வருடங்கள், மழை பெய்து பாறையை மூடிவைத்த வருடங்கள் தவிர, ஒவ்வொரு புரட்டாசியிலும் போனேன். போய் அதே இடத்தில் நின்றேன். கை வராது. மெட்டி தட்டும். இறங்கிவிடுவேன். என் கணவர் சில வருடம் கூட வந்தார், அப்புறம் "ஆள விடு, அய்யனே எறங்கி வந்து பாத்துக்கட்டும் உன்ன" என்று விட்டுவிட்டார்.

வீட்டு மாடியில் ஊஞ்சல் சங்கிலியைக் கொக்கியில் மாட்டித் தினமும் தொங்கினேன். ஆபீசுக்குப் போகும்முன் தொங்குவேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் பெயர். மூச்சு உள்ளே போகும்போது அஞ்சு, வெளியே வரும்போது கம். அந்தக் காலத்தில் என் கையைப் பார்த்திருக்கவேண்டும் நீ, கயிறாக இருந்தது. ஒரு தடவை ஊர்த் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறிப் பழகினேன். உயரம் பழகட்டும் என்றுதான். வாட்ச்மேன் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து அழுகிறான். "யம்மா, வேணாம்மா, எறங்கி வா, புருஷன் அடிச்சா போலீஸுக்குப் போலாம்மா!" ஓடிப்போய் என் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பாவம், மனிதர் கையில் எண்ணெய்க் கரண்டியோடு ஓடிவந்தார். அதன் பிறகு ஒரு மாதம் செக்குக்கு வருகிறவர்களெல்லாம் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. அஞ்சுகமும் சிரிக்கவில்லை. "ஏணில கால் வைக்கும்போது கீழ பாக்காதீங்கக்கா" என்றாள். பார்த்தாயா, புத்தி சொல்கிறாள்.

அவளுடைய புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். மஞ்சள் காமாலை. பிள்ளை குட்டியும் இல்லை. செக்கை அவள்தான் பார்த்துக்கொண்டாள். மாமியாரும் போன பிறகு, நல்ல காரியம் எதற்கும் அவளை யாரும் முன்னால் கூப்பிட்டதில்லை. அவளும் வரமாட்டாள். சமையற்கட்டே கதி என்று இருப்பாள். ஆனால் கார்த்திகையன்று பார்க்கவேண்டும். தலை குளித்து, வெளுத்த சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் வந்து நிற்பாள். வீடே அவளுக்காகக் காத்திருக்கும். தீக்குச்சியைக் கிழிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தால், அகல் எது, முகம் எது என்று தெரியாது. தாலி போன பிறகாவது விளக்கு எனக்கு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நான் சுமங்கலி. மூத்தவள். சம்பாதிக்கிறவள். பூவும் பொட்டுமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் ஏற்றுகிறாள். நியாயமா? நீயே சொல்.

வருடத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒருநாள்தானே என்கிறாயா? என் மகளும் அப்படித்தான் கேட்டாள். எனக்கு அந்த ஒருநாள்தானே இல்லாமலிருந்தது?

என் மகளைப் பற்றிச் சொன்னதும் நினைவு வருகிறது. அவள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. அன்றைக்கு நான் மலையில் இருந்தேன். இறங்கி வந்தால், பேரன் பிறந்துவிட்டான். கூட இருந்தவள் அஞ்சுகம். பிள்ளையை முதலில் கையில் வாங்கியவள் அஞ்சுகம். அதையும் பிடுங்கிக்கொண்டாள் பார்.

ஒவ்வொரு தடவையும் தோற்று வீட்டுக்கு வருவேனல்லவா, வாசலிலேயே காத்திருப்பாள். வெந்நீர் தயாராக இருக்கும். செக்கிலிருந்து புது எண்ணெய் கொண்டுவந்து சூடுபண்ணி என் காலில் தேய்ப்பாள். "அடுத்த வருஷம் ஏறிடுவீங்கக்கா" என்பாள். அடுத்த வருஷம்! அந்த வார்த்தையில் எவ்வளவு விஷம் இருக்கிறது பார். நான் காலை இழுத்துக்கொள்ளமாட்டேன். தேய்க்கட்டும் என்று நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வலி போகும். கோபம் போகாது. அதைப் போகவிடக்கூடாது என்று பார்த்துக்கொண்டேன். கோபத்தைக் கவனிக்காமல் விட்டால் செத்துப்போய்விடும், துளசிச் செடி மாதிரி. தினமும் தண்ணீர் ஊற்றவேண்டும்.

என் கணவர் போன வருடத்துக்கு முந்தின வருடம் போய்ச் சேர்ந்தார். பத்தாம் நாள் என் மெட்டியைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு வளைகாப்பு. என் நாத்தனார் பேத்திக்குத்தான். நான் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், பழக்கதோஷம். ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், கையில் ஆரத்தித் தட்டு. "கொஞ்சம் ஒதுங்குங்க பாட்டி" என்றாள். தப்பாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் போய்த் தூண் பக்கத்தில் நின்றேன். அங்கே ஏற்கெனவே அஞ்சுகம் நின்றுகொண்டிருந்தாள். தள்ளி இடம் விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளுக்காவது கார்த்திகை இருக்கிறது. எனக்கு?

போன புரட்டாசியில் தனியாகப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பாறையில் ஏறும்போது ஏதோ ஒன்று குறைகிறதே என்று நினைத்தேன். பாதியில்தான் புரிந்தது. சத்தம். கால் அதேபோலத்தான் ஆடியது, ஆனால் தட்ட மெட்டி இல்லை. மௌனமாக நடுங்கினேன். அது இன்னும் மோசம்.

சங்கிலி முடிகிற இடம். கை வரவில்லை. அதே கை. இந்தத் தடவையும் அவ்வளவுதான் என்று தலையைக் குனிந்தேன். அப்போது எனக்குப் பின்னால் ஒருத்தி, எந்த ஊரோ, யார் பெற்ற பெண்ணோ, மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறாள்: "யம்மா, கொஞ்சம் ஒதுங்குங்கம்மா."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்? கண் இருட்டிவிட்டது. அவளைத் திரும்பி அறைய வேண்டும் என்று கையை எடுத்தேன். சத்தியமாக அறையத்தான் எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, கை காற்றில் இருக்கிறது. ஐயோ என்று வலப்பக்கம் வீசினேன். இரண்டாவது சங்கிலி கையில் இருந்தது.

சில்லென்று இருந்தது, அம்மா. நாற்பது வருடம் பார்த்துக்கொண்டே இருந்த இரும்பு. தொட்டால் சாதாரணமாக, சில்லென்று.

அழுதுகொண்டே ஏறினேன். பக்தி இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அஞ்சுகத்தின் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் மனதில். உச்சிக்கு வந்தேன்.

மரம் இல்லை.

கேட்டாயா? மரம் இல்லை. சிமெண்ட் மண்டபம். கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, சுவரில் பச்சை பெயிண்ட். இரும்புக் கதவு. மணி இரும்புச் சட்டத்தில் தொங்குகிறது, காற்று அடித்தது, அது அசையக்கூட இல்லை. கோணலாக ஒரு இச்சி மரமாம்! பாறையைப் பிளந்துகொண்டாம்! வானத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாராம்! எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம்போட்டுச் சிரித்தேன். அவள் ஏறவே இல்லை. ஏதோ ஒரு பாறை மறைவில் உட்கார்ந்திருந்துவிட்டு, விபூதியைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறாள். நாற்பது வருடம் பொய்யான கையால் விளக்கேற்றியிருக்கிறாள்.

பூசாரியிடம் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று கேட்டேன். "இங்க ஒரு மரம் இருந்துதா சாமி?"

"இருந்துச்சும்மா, எங்கப்பா காலத்துல. இடி விழுந்து கருகிப்போச்சு. அதுக்கப்புறந்தான் இந்த மண்டபம் கட்டுனாங்க. அய்யனுக்குப் பின்னால தூர் கெடக்கு, வலம் வந்தீங்கன்னா தெரியும்" என்றான்.

நான் வலம் வரவில்லை. எதற்கு வரவேண்டும்? தட்டில் ஏதாவது விழும் என்றால் பூசாரி எதையும்தான் சொல்வான். மரம் இருந்தால் இருந்திருக்கவேண்டும். இல்லாததற்குத் தூர் எங்கிருந்து வரும்? கும்பிட்டேன், இறங்கிவிட்டேன்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்?

கார்த்திகைவரை வாயைத் திறக்கவில்லை. வாயில் கற்கண்டை வைத்துக்கொண்டு கடிக்காமல் இருப்பதுபோல இருந்தேன். தீபத்தன்று வீடு நிறைய ஆட்கள். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், நாத்தனார் குடும்பம். கஞ்சி போட்ட சேலையில் அவள் வந்து நின்றாள். நானே தீப்பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "அஞ்சுகம், பிள்ளைங்கள்லாம் கேக்குது. அந்த மரத்தப் பத்திச் சொல்லேன்" என்றேன்.

அவளுக்கு ஆச்சரியம். நான் ஒருநாளும் கேட்டதில்லையே. முகமெல்லாம் மலர்ந்துபோய்ச் சொன்னாள். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஒரு சொல் மாறவில்லை. முழுவதையும் சொல்லி முடிக்கவிட்டேன். அவள் குச்சியைக் கிழித்த பிறகுதான் சொன்னேன்.

"மரமே இல்லியே அஞ்சுகம். நான் இந்தப் புரட்டாசில ஏறிப் பாத்துட்டு வந்தேனே. சொவரு இருக்கு, கூரை இருக்கு. மரந்தான் இல்ல."

குச்சி எரிந்து எரிந்து விரலுக்கு வந்துவிட்டது, அவளுக்குத் தெரியவில்லை. என் பேரன்தான் ஊதி அணைத்தான்.

"ஏறிட்டீங்களாக்கா?" என்றாள் முதலில். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏறிட்டீங்களா!" அப்புறம்தான் அடுத்தது. "மரம் போயிடுச்சா?" கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன? அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை பார். "வலம் வரும்போது பின்னாடி ஏதும் தெரிஞ்சுதாக்கா? வேரு ரொம்ப ஆழம் அதுக்கு" என்று கேட்கிறாள். நடிப்பு! எட்டாவது படித்தவளுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு நடிப்பு?

பிறகு தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள். "இனி நீங்கதான் ஏத்தணும். ரெண்டு பேரும் ஏறிட்டா மூத்தவங்களுக்குன்னு அத்த சொன்னாங்கள்ல."

ஏற்றினேன். நாற்பது வருடம் கழித்து முதல் அகல் என் கையால். நன்றாகத்தான் எரிந்தது. எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நிமிர்ந்தேன். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடம் மாறிவிட்டது. அது போதாதா என்றால், எனக்குப் போதவில்லை. ஒப்புக்கொள்ளாமல் தோற்றவளை ஜெயித்ததில் என்ன ருசி? எனக்கு அவள் வாயால் வேண்டும். "பொய் சொன்னேன்" என்ற ஒரு சொல் வேண்டும்.

அன்றைக்கே சொன்னேன். "தை பொறக்கட்டும். என்கூட வா. வந்து அந்த மரம் எங்க நின்னுச்சுன்னு காட்டு."

பயந்து கெஞ்சுவாள் என்று நினைத்தேன். மூட்டு இரண்டும் போன ஆள். கண்ணில் புரை எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"கூட்டிட்டுப் போறீங்களாக்கா? இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நீங்க கூப்பிடவே இல்லியே."

தந்திரம் பார்.

அதோ, டிரைவருக்குப் பின்னால், வெள்ளைத் தலை. ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறதே. அவள்தான். பக்கத்தில் உட்காருங்கள் என்றாள், நான் இங்கே வந்துவிட்டேன். அவள் மடியில் என்ன தெரிகிறது? பிளாஸ்டிக் வாளி. உள்ளே ஒரு செடி. செக்கு வீட்டுச் சுவர் வெடிப்பில் முளைத்திருந்த இச்சிக் கன்று, பத்திரமாகப் பெயர்த்து மண்ணோடு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மேலே நடவேண்டுமாம். "மழைக்குப் பயந்து எத்தன நாள் அய்யன் வீட்டுக்குள்ளயே உக்காந்திருப்பாரு" என்கிறாள். இந்தச் செடியை வைத்துக்கொண்டு அந்தப் பாறையில் எப்படி ஏறுவாள்? அந்தச் சங்கிலி முடிகிற இடத்துக்கு வரட்டும். மூட்டு மடங்காது. கை வராது. நான் மேலே நின்று பார்ப்பேன். அப்போது சொல்வாள்.

நீ ஒன்றும் சொல்லாதே. நீ அவள் கட்சி. எனக்குத் தெரியும், உன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் கடைசியில் இந்த முகத்தைத்தான் காட்டுகிறார்கள்.

அதோ மலை! பார்த்தாயா? நகரவில்லை.

வந்துவிட்டோம். கண்டக்டர் கத்துகிறான். நீ எனக்குப் பின்னால் வா. பையை எடுத்துக்கொள். எனக்கு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. பார், எழுந்து படிக்கட்டு முனையில் நிற்கிறாள். ஒரு கையில் வாளி, ஒரு கை கம்பியில். கால் மடங்கவில்லை. இறங்க முடியாமல் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் இத்தனை பேர் காத்திருக்கிறோம். நானே கேட்டிருந்தாலும் இப்படி அமைந்திருக்காது. கவனி.

"அஞ்சுகம். கொஞ்சம் ஒதுங்கு."

ஒதுங்கிவிட்டாள்.

அவ்வளவுதானா? நாற்பது வருடம் வாய்க்குள் வைத்திருந்தேனே. வெளியே வந்தால் இத்தனூண்டு இருக்கிறது.

ஏன் சிரிக்கிறாள்?

"வாங்கக்கா, நீங்க முன்னால எறங்குங்க. படி ஒசரம். என் தோளைப் புடிச்சுக்குங்க."

கேட்டாயா? தோளாம். எனக்கு யார் தோளும் வேண்டாம். கம்பி இருக்கிறது. இதோ, இறங்கிவிட்டேன். நீயும் இறங்கிவிட்டாயா? நல்லது. இப்போது நான் கீழே, அவள் மேலே. "ஏறுறதுன்னா ஏறு, எறங்குறதுன்னா எறங்கு பாட்டி, டைமாச்சு" என்கிறான் கண்டக்டர். அவள் முயற்சி செய்கிறாள். கை கம்பியை விடமாட்டேன் என்கிறது. பார், அந்த விரல்களைப் பார்.

அந்தக் கை எனக்குத் தெரியும்.

"யோவ், கொஞ்சம் பொறு, விசில் அடிக்காத! அஞ்சுகம், என்னடி முழிக்கிற? கீழ பாக்காத. வாளியைக் குடு இப்படி. வாளியை மட்டுந்தான் கேட்டேன், சிரிக்காத. குடு. இப்ப அந்தக் கையையும் எடு. எடுடி. விழமாட்ட, நான் இங்கதான நிக்கிறேன். மேல வந்து மரம் நின்ன எடத்த நீதான் காட்டணும். ஒரு வெரக்கடை தள்ளிக் காட்டுனாலும் உன்ன விடமாட்டேன்."